கறியை விடுவதற்கு முன் சோற்றைக் குறையுங்கள்

வயது 42, மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1, மருத்துவர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டு, முடிந்தால் பாலையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறலாமா, உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர எந்தக் காயும் இறங்காத எனக்கு இது நடக்குமா, சத்துக்குறைவு வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறலாம். சத்துக்குறைவு வராமலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கறியை நிறுத்துவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது கடைசி வேலை.

ஏன் என்று சொல்கிறேன். 2014இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள் என்று வந்தது. கேட்க ஏதோ நாள் முழுக்கக் கறி தின்பது போல இருக்கும். நம் தட்டைப் பார்த்தால் தெரியும், குழம்பில் நாலு துண்டு, ஒரு மீன், அவ்வளவுதான். மீதி முழுக்கச் சோறு. அந்த நாலு துண்டை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு என்ன வரும்? இன்னும் ஒரு கரண்டி சோறு, ஒரு அப்பளம், உங்கள் உருளைக்கிழங்கு வறுவல். சர்க்கரை எல்லையில் நிற்கும் ஒருவருக்கு இது முன்னேற்றம் இல்லை, பின்னடைவு.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025இல் வெளிவந்தன. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. அந்த மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியை மட்டும் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் தாவரப் புரதமோ பால் புரதமோ வைத்தாலே நீரிழிவு அபாயம் குறைகிறது என்பதுதான் அதன் முக்கியச் செய்தி. உங்களுக்கு வேண்டிய இரண்டு வேலையும் இதற்குள்ளேயே இருக்கின்றன: சோறு குறைய வேண்டும், பருப்பும் பயறும் கூட வேண்டும்.

சைவம் சாப்பிடுவதும் காய்கறி சாப்பிடுவதும் ஒன்று என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், மாலையில் பஜ்ஜி, இரவு தோசை என்று சாப்பிடும் சுத்த சைவக்காரர்கள் ஏராளம். அன்றைக்கு அவர் வயிற்றுக்குள் போன காய் என்று எண்ணினால் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய் இரண்டு துண்டு, பஜ்ஜிக்குள் இருந்த வாழைக்காய் நாலு வில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. "நான் பிறந்ததிலிருந்தே சைவம், எனக்கு எப்படி சுகர் வந்தது?" என்று உண்மையான திகைப்போடு கேட்பார்கள்.

சரி, எவ்வளவு காய் வேண்டும்? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் கீரையையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம் என்று இருக்கிறது. எல்லாம் சமைக்காத எடை. உருளைக்கிழங்கை இந்தக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் தன் காய்கறிப் பரிந்துரையில் உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறது.

400 கிராம் என்றால் கண்ணுக்குப் பிடிபடாது. இப்படிப் பாருங்கள்: நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோ. உழவர் சந்தையிலிருந்து திரும்பியதும் உருளைக்கிழங்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பையைத் தராசில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஐந்து கிலோவைத் தொட்டாலே அதிகம். நீங்கள் உடனே பதினொன்றுக்குப் போக வேண்டாம். இப்போது வாங்குவதை விட இரண்டு கிலோ கூட வாங்குங்கள், அது தீர்கிறதா என்று பாருங்கள். அது தீர்ந்தால் இன்னும் இரண்டு. விலையைப் பற்றிக் கவலை வேண்டாம். ப்ராக்கோலியும் சிவப்புக் குடைமிளகாயும் இல்லாமலே இந்தக் கணக்கு நிரம்பும். சுரைக்காய், பூசணி, புடலை, பீர்க்கு, முள்ளங்கி, கீரைக்கட்டு இவை பெரும்பாலும் மலிவாகத்தான் கிடைக்கின்றன.

காய் இறங்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அது காயின் குற்றம் இல்லை. குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்து, மேலே கொஞ்சம் தேங்காய் தூவிய பொரியலைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவருக்குப் பொரியல் மேல் ஆசை எப்படி வரும்? உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது துவையல். பீர்க்கங்காய், அதன் தோல், சுரைக்காய், முட்டைக்கோஸ், கேரட், பிரண்டை, கொத்தமல்லி, புதினா எதுவானாலும் எண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், ஒரு கொட்டைப்பாக்களவு புளி வைத்து அரைத்துவிட்டால் காய் என்ற அடையாளமே தெரியாது. காலையில் தேங்காய்ச் சட்னி இருக்கும் இடத்தில் இதை வைத்தால் காலை உணவிலேயே முக்கால் கப் காய் உள்ளே போய்விடும். அந்தச் சட்னியில் காயே கிடையாது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அடுத்தது கூட்டு. இதை நாம் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே வைத்திருக்கிறோம். புடலங்காயும் பாசிப்பருப்பும், முட்டைக்கோஸும் கடலைப்பருப்பும், சௌசௌவும் துவரம்பருப்பும் என்று காயும் புரதமும் ஒரே பாத்திரத்தில் வெந்து கிடைப்பது கூட்டில்தான். அதை ஒரு பெரிய கிண்ணம் நிறைய எடுத்து, சோற்றைத் தொடுகறி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். பருப்பு உசிலியும் அப்படித்தான். கொத்தவரங்காயை வெறும் பொரியலாக வெறுப்பவர்கள்கூட உசிலியாக வந்தால் மறுபடி கேட்பார்கள். கத்தரிக்காயை அடுப்பில் சுட்டுத் தோலுரித்துச் சின்ன வெங்காயத்தோடு பிசைந்தால் அது வேறு காய். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து உலர்த்திய பிறகு நறுக்கி, மூடி போடாமல் வதக்கினால் வழவழப்பு வராது.

எந்த வரிசையில் சாப்பிடுகிறீர்கள் என்பதற்கும் பலன் உண்டு. முதலில் காயும் புரதமும், அப்புறம் சோறு என்று சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்கு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பந்தியில் கூட்டு, பொரியல், பச்சடி எல்லாம் சோற்றுக்கு முன்பே இலையில் வந்துவிடும். நாம்தான் சோறு வரட்டும் என்று காத்திருக்கிறோம். காத்திருக்காதீர்கள்.

எண்ணெயை அறவே ஒதுக்குவதும் தப்பு. கேரட், பூசணி, கீரை ஆகியவற்றில் உள்ள, வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் உடம்பில் சேர கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தாளிக்கும் எண்ணெய் போதும்.

நடைமுறையில் இந்தத் திட்டத்தைக் கவிழ்ப்பது ருசி இல்லை, வேலை. வேலைக்குப் போய்விட்டு வரும் ஒருவர் இரவு எட்டு மணிக்கு வாழைப்பூவில் கள்ளன் எடுத்துக்கொண்டு உட்கார முடியாது. காயை நறுக்குவது யார் என்பதை முடிவு செய்யாத வீட்டில் எந்த உணவுத் திட்டமும் இரண்டு வாரம் தாண்டாது. இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் பேசித்தான் ஆக வேண்டும். பீன்ஸ், அவரை, கேரட், முட்டைக்கோஸ் இவற்றை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து நறுக்கி டப்பாவில் போட்டால் மூன்று நாள் தாங்கும். கீரையை ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றி வைக்கலாம். கழுவுவதும் நறுக்குவதும் சமைக்கும்போதுதான்.

இதைச் செய்ய ஆரம்பித்த முதல் வாரத்தில் வயிறு உப்பும், காற்றுப் பிரியும். நார்ச்சத்து திடீரென்று கூடினால் குடல் பழக நாளெடுக்கும். அதற்காகத்தான் மெதுவாகக் கூட்டச் சொன்னேன். பயறுகளை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முதலில் பாசிப்பருப்பு, அப்புறம் தட்டைப்பயறு, கடைசியில் கொண்டைக்கடலையும் மொச்சையும். தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

இனி புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நீங்கள் 60 கிலோ என்றால் நாளைக்கு 50 கிராம். பருப்பு சாப்பிடுகிறோமே என்று எல்லோரும் சொல்வோம். ஒரு கப் தண்ணீர் சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும்? 15 கிராம் இருந்தால் பெரிது. அதிலிருந்து வரும் புரதம் மூன்று கிராம். ரசத்தில் அதுவும் இல்லை. தாவரப் புரதம் போதாது என்ற புகார் உண்மையில் நம் சாம்பாரைப் பற்றிய புகார்.

கணக்கு இப்படி நிரம்பும். பருப்பும் பயறும் சமைக்காத எடையில் 90 கிராம் என்றால் சுமார் 20 கிராம் புரதம். அரிசி, கம்பு, கோதுமை என்று 200 கிராம் தானியத்தில் 16. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. நாள் முழுக்கச் சாப்பிடும் காயும் கீரையும் 8. ஐம்பதைத் தொட்டுவிட்டோம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இரண்டும் ஒரே வேளையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, அன்றைக்குள் வந்தால் போதும். காலையில் பாசிப்பயறு தோசையோ பருப்பு கூடப் போட்ட அடையோ, மதியம் கெட்டியான பருப்புக் கடைசல், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்றால் 90 கிராம் பருப்பு தானாக வந்துவிடும். போதாத நாளில் மீல் மேக்கர் இருக்கிறது. உலர்ந்த நிலையில் அதில் பாதி புரதம்தான், 25 கிராம் போட்டால் 12 கிராம் கிடைக்கும். அதை உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போகும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கறிக்குப் பதில் காளான், கறிக்குப் பதில் பலாக்காய் என்று சொல்வார்கள். நாக்குக்கு அது சரி. காளானில் 100 கிராமுக்கு மூன்று கிராம் புரதம்தான், பலாக்காயில் அதைவிடச் சொற்பம். பலாக்காய் பிரியாணி சாப்பிடுங்கள், கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பி12க்கு வருகிறேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. இந்த வைட்டமினை எந்தச் செடியும் தயாரிப்பதில்லை, பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. அது விலங்குகளின் உடம்பில் சேர்ந்து கறி, மீன், முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. பழைய சோற்றில் இருக்கிறது, புளித்த இட்லி மாவில் இருக்கிறது, ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருக்கிறது என்று சுற்றிவரும் செய்திகளை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். புளித்த உணவில் நம்பும்படியான அளவு கிடைப்பதில்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உருவத்தில் பி12 போலவே இருந்தும் உடம்புக்கு உதவாத ஒன்று.

இதில் ஏமாற்று என்னவென்றால், குறைபாடு உடனே தெரியாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் சில வருடங்கள் எதுவும் ஆகாது. "நான் ஒன்றரை வருடமாக ஒரு மாத்திரையும் இல்லாமல் இருக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அவர் சேமிப்பில் ஓடுகிறார் என்று பொருள். அதோடு, கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நன்றாகக் கிடைக்கும். பி12 குறையும்போது முதலில் கண்ணில் படக்கூடிய ரத்தசோகையை அந்த ஃபோலேட் மறைத்துவிடக்கூடும். ரத்தப் பரிசோதனை பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, நடையில் தடுமாற்றம், மறதி என்று பிறகு வரும். தாமதமாகக் கண்டுபிடித்தால் சில பாதிப்புகள் முழுதும் சரியாவதில்லை. இன்னொன்று, நாளை உங்கள் மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதினால் அதுவும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

பால்கூடச் சேர்க்காத முழுத் தாவர உணவுக்காரர்களின் சங்கமான வீகன் சொசைட்டி இங்கிலாந்தில் 1944இல் தொடங்கியபோது பி12 என்ற ஒன்றை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை, அது நடந்தது 1948இல். இன்று அதே சங்கம்தான் பால்கூடச் சேர்க்காதவர்கள் தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் 2000 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுக்க வேண்டும் என்கிறது. மாத்திரையில் இருக்கும் பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது, அதனால் கொள்கைக்கும் பங்கமில்லை. பாலும் தயிரும் தொடர்ந்தால் ஓரளவு கிடைக்கும். அப்போதும் வருடம் ஒருமுறை அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

பாலை விடலாமா? என் கருத்தைக் கேட்டால், முதல் ஆறு மாதம் பாலை விடாதீர்கள். நான் மேலே சொன்ன ஆய்வில் பால் புரதமும் நல்ல பக்கத்தில்தான் நிற்கிறது. சர்க்கரைக்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால் சீனி போட்ட காபியில் விட வேண்டியது சீனியைத்தான். மாடுகளை நினைத்து விடுகிறீர்கள் என்றால் அது வேறு, அதை நான் மதிக்கிறேன். அப்படியானால் கால்சியத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள். நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 கிட்ட இருக்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள் எல்லாம் நல்லவை. பாலக்கை நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு சேர்கிறது என்றால் பாலக்கிலிருந்து இருபதில் ஒரு பங்குதான் சேரும்.

தமிழ்நாட்டில் பாலை விடுபவர்களை இழுத்துப் பிடிப்பது இரண்டு: ஃபில்டர் காபி, தயிர் சாதம். டிகாஷன் சூட்டிலும் புளிப்பிலும் சோயா பால் திரியும், ஓட்ஸ் பால் தாங்கும். ஆனால் ஓட்ஸ் பாலில் இனிப்புச் சேர்க்காவிட்டாலும் மாவு உடைந்து உண்டான சர்க்கரை இருக்கும், உங்களுக்கு அது கணக்கில் வர வேண்டும். பாதாம் பாலில் புரதம் பெயருக்குத்தான். தயிருக்கு நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது காம்போடு நாலு பச்சை மிளகாய் போட்டு மூடி வைத்தால் உறையும். முதல் உறை சுமாராக இருக்கும், அதிலிருந்து எடுத்து உறை ஊற்றும் இரண்டாவது நன்றாக வரும். திருநெல்வேலிச் சொதி, யாழ்ப்பாணத்துச் சொதி போன்ற தேங்காய்ப்பால் குழம்புகளில் பால், தயிரின் தேவையே இல்லை. ஆனால் தேங்காய்ப்பாலில் புரதமும் இல்லை, அதனால் தினமும் அது வேண்டாம். கடைப் பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று மட்டும்தான் பொருள், பாலும் நெய்யும் அதற்குள் அடக்கம். பாலும் இல்லாததற்கு 2022 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி முத்திரை வைத்திருக்கிறது: பச்சை நிற ஆங்கில வி எழுத்து, மேலே ஒரு இலை. ஹோட்டல் பொங்கலுக்கு முத்திரை கிடையாது, கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இரும்புச்சத்து பெண்களுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்தது. அசைவம் சாப்பிடும் மாநிலத்திலேயே இந்த நிலை. தாவரங்களில் உள்ள இரும்பு அவ்வளவு சுலபமாகச் சேராது, வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். கீரையில், சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். மீனிலிருந்து கிடைத்துவந்த ஒமேகா 3 கொழுப்புக்கு ஆளி விதையை வறுத்து இட்லிப் பொடியோடு சேர்த்து அரையுங்கள். மீனை விட்டபின் கல்லுப்பு மட்டும் போட்டுச் சமைத்தால் அயோடின் குறையும், அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். முதல் மாதம் எதையும் நிறுத்த வேண்டாம், காயைக் கூட்டி அரிசியை அளந்து போடுங்கள். இரண்டாம் மாதம் பருப்பு, பயறு அளவை 90 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குள் கறி சாப்பிடும் நாட்கள் குறைந்திருக்கும். முழுதாக நிறுத்துவதோ வாரம் ஒருமுறை வைத்துக்கொள்வதோ அப்போது உங்கள் விருப்பம். வாரம் ஒருமுறை மீன் சாப்பிடும் ஒருவர் தோற்றுப்போனவர் இல்லை. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்பதால் இரண்டு சமையல் செய்து களைத்துப் போகாதீர்கள். அரைத்த மசாலா ஒன்றுதான், பாதியில் கோழி, பாதியில் மீல் மேக்கரோ சேனைக்கிழங்கோ. மீன் குழம்புக்கு வறுத்து அரைக்கும் அதே மசாலாவில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்டால் பிள்ளைகளும் கேட்பார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 மூன்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்து மறுபடி பாருங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்குக் காய், பழங்களில் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கீரையின் அளவு திடீரென்று கூடினால் மருந்தின் வேலை கெடும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கையும் பசலையையும் அளவாக வைக்க வேண்டும். இவற்றில் ஏதாவது உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் மேலே சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.